ஆழ்கடல் சேற்றின் வேதியியலும் உயிரியலும்: மேலே கொண்டுவந்த மாதிரியை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி
எழுதியவர்: வேதிமாணவி

வணக்கம். வேதியியலில் முதுநிலைப் படிப்பை முடித்துவிட்டு, ஆழ்கடல் தரையின் வண்டலை ஆராயும் குழு ஒன்றில் இன்னும் சில மாதங்களில் சேர இருக்கிறேன். அதற்குள் படித்துத் தயாராகிவிடலாம் என்று தொடங்கினால், அடிப்படையிலேயே சில ஐயங்கள் எழுகின்றன. இத்துறையில் கைப்பழக்கம் உள்ளவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

வண்டலில் கீழே போகப்போக முதலில் ஆக்சிஜன் தீர்கிறது, பிறகு நைட்ரேட், பிறகு மாங்கனீசு ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, அதற்கும் கீழே சல்பேட், எல்லாம் தீர்ந்த ஆழத்தில் மீத்தேன் உருவாகிறது என்ற வரிசையை நான் புரட்டிய எல்லா நூல்களும் ஒரே மாதிரி தருகின்றன. இதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்றும் சொல்கின்றன. ஆனால் அவற்றில் நான் பார்க்கும் சான்றுகள் பெரும்பாலும், ஆழத்துக்கு ஏற்பச் செறிவு எப்படி மாறுகிறது என்று வரைந்த வளைகோடுகள்தாம். ஒரு வளைகோட்டைப் பார்த்து, அங்கே உயிர் வேலை செய்கிறது, வெறும் வேதிவினை அல்ல என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடிகிறது?

இரண்டாவது ஐயம் இன்னும் அடிப்படையானது. 4,000 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 400 வளிமண்டல அழுத்தமும் 2 பாகை செல்சியசை ஒட்டிய குளிரும் இருக்கின்றன. அந்தச் சேற்றைக் கப்பலின் தளத்துக்குக் கொண்டுவந்தால் அழுத்தம் முழுவதும் போய்விடுகிறது, வெப்பமும் ஏறுகிறது. அப்படி வந்து சேர்வது கீழே இருந்த அதே சேறுதானா?

மூன்றாவதாக, வேதியியலை மட்டும் கற்றவர் உயிரியலை எந்த அளவுக்குக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1
எழுதியவர்: துளைநீர்

உங்கள் முதல் ஐயத்தில் இருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் வளைகோட்டைப் படிக்கத் தெரிந்துவிட்டால் மற்றவற்றில் பாதி தானாகவே தெளிவாகிவிடும்.

சேற்றுத் துகள்களுக்கு இடையே தேங்கியிருக்கும் நீரைத் துளைநீர் என்கிறோம். அந்த நீரில் கரைந்துள்ள ஒரு பொருள் மேலிருந்து கீழே செல்ல, பெரும்பாலான இடங்களில் விரவலைத் தவிர வேறு வழியில்லை. செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு அது மெதுவாகப் பரவுகிறது. இப்போது சல்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்நீரில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 28 மில்லிமோல் இருக்கிறது. ஆழத்துக்கு எதிராக அதன் செறிவை வரையும்போது ஏதேனும் ஓர் இடைவெளியில் கோடு நேராகச் சரிந்தால், அந்த இடைவெளியில் சல்பேட்டை யாரும் தொடவில்லை, அது அந்த வழியாகக் கடந்து மட்டும் போகிறது என்று பொருள். கோடு வளையும் இடத்தில்தான் அது செலவாகிறது. ஆகவே செறிவு எவ்வளவு என்பதைக் காட்டிலும் கோடு எங்கே வளைகிறது என்பதே நாம் தேடும் செய்தி. கோட்டின் சரிவைத் துளைமையாலும் (சேற்றில் துளைநீர் நிரம்பிய இடத்தின் பங்கு) விரவல் கெழுவாலும் (அந்தப் பொருள் எவ்வளவு எளிதில் பரவுகிறது என்ற எண்) பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு நாளில் எவ்வளவு சல்பேட் இறங்குகிறது என்ற கணக்கும் கிடைத்துவிடும். இந்தக் கணக்கு முழுவதும், சேறு நெடுங்காலமாக ஒரே நிலையில் இருக்கிறது என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. அண்மையில் கடலடி மண்சரிவு ஏதேனும் நேர்ந்த இடத்தில் அது பொய்த்துவிடும்.

செலவழிப்பது உயிர்தான் என்று எப்படித் தெரியும் என்றால், சல்பேட்டைப் பொறுத்தவரை விடை உறுதியானது. கரிமப் பொருளைக் கொண்டு சல்பேட்டை உயிரின் உதவியின்றிச் சல்ஃபைடாக ஒடுக்க வேண்டுமென்றால் 100 பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். 2 பாகைக் குளிரில் அந்த வினை தானாக நடக்காது. அதே சேற்றில் ஒரு பகுதியைச் சூடாக்கி நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டால் சல்பேட் குறைவது நின்றுவிடுகிறது. மேலும், நுண்ணுயிர்கள் கந்தகத்தின் இலேசான ஐசோடோப்பை விரும்பி எடுப்பதால், எஞ்சியிருக்கும் சல்பேட் கீழே போகப்போக எடை மிகுந்த ஐசோடோப்பில் செறிவடைகிறது. நீங்கள் குறிப்பிட்ட வரிசையும் இதே கதையைத்தான் சொல்கிறது. ஒரே அளவு கரிமத்தை உண்ணும்போது ஆக்சிஜனைக் கொண்டு பெறும் ஆற்றல் மிகுதி, வரிசையில் கீழிறங்க இறங்க அது குறைகிறது. கூடுதலாகப் பெறுபவர்கள் இருக்கும்வரை மற்றவர்களுக்கு இடமில்லை. ஆனாலும் பாடநூல் படத்தில் இருப்பதுபோல அடுக்குகள் கத்தியால் வெட்டியதுபோல் பிரிந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறியே கிடக்கும்.

எல்லாமே உயிரின் வேலை என்றும் சொல்லிவிட முடியாது. உயிர் உண்டாக்கிய சல்ஃபைடு, இரும்பு ஆக்சைடோடு தானாகவே வினைபுரிகிறது. கரைந்த இரும்பு மேலேறி ஆக்சிஜனைத் தொட்டதும் தானாகவே துருவாகிறது. முதல் அடியை உயிர் எடுத்து வைக்கிறது, அடுத்த அடியைப் பல வேளைகளில் வேதியியலே எடுத்து வைக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் இத்துறையின் உண்மையான உழைப்பு.

வளைகோட்டின் மேல் எனக்கு இருக்கும் மதிப்புக்கு ஒரு காரணம் உண்டு. 1970களில் சில வேதியியலாளர்கள், அவர்களில் ஒருவர் வெனிசுவேலாவுக்கு அப்பால் உள்ள கரியாக்கோ படுகையை ஆராய்ந்த வில்லியம் ரீபர்க், ஒரு விந்தையைக் கண்டார்கள். கீழிருந்து ஏறிவரும் மீத்தேனும் மேலிருந்து இறங்கும் சல்பேட்டும் ஒரே ஆழத்தில் தீர்ந்துபோயின. ஆக்சிஜன் இல்லாத அந்த இடத்தில் யாரோ சல்பேட்டைக் கொண்டு மீத்தேனை உண்கிறார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் பொருந்தவில்லை. ஆனால் அப்படி உண்ணும் உயிர் எதையும் யாரும் வளர்த்துக் காட்டியதில்லை, அதனால் நுண்ணுயிரியலாளர்கள் பலர் நெடுங்காலம் ஐயுற்றார்கள். கடைசியில் 2000ஆம் ஆண்டில் ஆன்ட்யே போய்ட்டியஸ் குழுவினர், ஒரிகான் கரைக்கு அப்பால் மீத்தேன் ஹைட்ரேட் (மீத்தேனைத் தன்னுள் அடைத்த பனிக்கட்டி) கிடக்கும் மேட்டிலிருந்து எடுத்த சேற்றில் அவர்களை நேரில் கண்டார்கள். பாக்டீரியா போலத் தோன்றினாலும் வேறு குலத்தைச் சேர்ந்த ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களின் ஏறத்தாழ நூறு செல்கள் ஓர் உருண்டையாகத் திரண்டிருக்க, அதைச் சுற்றிச் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் போர்வைபோலச் சூழ்ந்திருந்தன. ஒன்று மீத்தேனைச் சிதைக்க, மற்றொன்று சல்பேட்டை ஒடுக்க, இரண்டும் சேர்ந்தே பிழைக்கின்றன. வளைகோடு சொன்னதை உயிரியல் உறுதிப்படுத்த ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். மேலே வருவது அதே சேறு அல்ல. ஆனால் எது மாறுகிறது, எது மாறுவதில்லை என்பது பெருமளவு தெரியும். சல்பேட், குளோரைடு போன்றவை அசையாது. அழுத்தம் குறையும்போது கரியமில வாயு வெளியேறுவதால் காரகாடித்தன்மை மாறுகிறது, கால்சியம் கார்பனேட் படிந்துவிடவும் கூடும். மீத்தேன் மிகுந்த சேற்றில் அதன் பெரும்பகுதி வழியிலேயே குமிழியாகப் போய்விடும், எனவே அதற்கு அழுத்தத்தைத் தக்கவைக்கும் தனி மாதிரிக்குழாய் வேண்டும். நைட்ரேட்டில் ஒரு மறைவான பிழை இருக்கிறது. ஓடு கட்டும் ஒற்றைச்செல் உயிர்களான ஃபொராமினிஃபெராக்கள் சிலவும் சில பாக்டீரியாக்களும் தம் செல்லுக்குள் நைட்ரேட்டைச் சேமித்து வைக்கின்றன, மேலே வரும் வழியில் செல்கள் உடைந்தால் அந்த நைட்ரேட் துளைநீரில் கலந்து, இல்லாத ஒரு மேட்டை வளைகோட்டில் காட்டும்.

எல்லாவற்றையும்விட எளிதில் கெடுவது இரும்பு. ஆக்சிஜன் இல்லாத அடுக்கிலிருந்து உறிஞ்சிய துளைநீர் ஊசிக்குழலில் தெளிந்த நீராகவே இருக்கும். காற்றுப் பட்டுவிட்டால் சிறிது நேரத்தில் மஞ்சள் படரும், பிறகு செம்மஞ்சள் துகள்கள் மிதக்கும். நான் சென்ற முதல் பயணத்தில் நைட்ரஜன் நிரப்பிய கையுறைப் பையில் இருந்த ஊசித்துளை ஒன்றைக் கவனிக்காமல் ஓர் இரவு முழுவதும் வேலை செய்தேன். காலையில் பார்க்கும்போது பதினாறு குப்பிகளின் அடியிலும் துருப்பொடி படிந்திருந்தது. இரும்பு மட்டும் போகவில்லை, அந்தத் துரு பாஸ்பேட்டையும் தன்னோடு இழுத்துக்கொண்டு படிந்துவிட்டதால் பாஸ்பேட் அளவுகளும் வீணாயின. அன்றிலிருந்து வடிகட்டிய உடனேயே, குப்பியை மூடுவதற்கு முன் அமிலம் சேர்த்துவிடுகிறேன். சல்ஃபைடுக்கான குப்பியில் துத்தநாக அசிடேட்டை முன்கூட்டியே ஊற்றி வைத்திருப்பேன்.

மறுமொழி 2
எழுதியவர்: சல்லடை

துளைநீர் அவர்கள் எழுதியது முழுவதும் சரி, ஆனால் அவர் வரைந்த சேற்றில் புழுக்கள் இல்லை. நான் விலங்குகளை ஆராய்பவர் என்பதால் அந்த இடத்தை நிரப்ப விரும்புகிறேன்.

விரவல் ஒன்றுதான் வழி என்பது, சேற்றை யாரும் கிளறாத இடத்தில் மட்டுமே செல்லும். ஒரு பாலிகீட் புழு பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு வளை தோண்டி அதற்குள் மேல்நீரை இறைத்துக்கொண்டே இருந்தால், அந்த வளையின் சுவரைச் சுற்றி ஒரு சிறிய கடல்தரை உருவாகிவிடுகிறது. சுவரை ஒட்டி ஆக்சிஜன், சற்றுத் தள்ளி நைட்ரேட், இன்னும் தள்ளி இரும்பு என்று, மேலிருந்து கீழே இருக்க வேண்டிய அடுக்குகள் பக்கவாட்டில் வளையம் வளையமாக அமைகின்றன. குறுக்கே அறுத்துப் பார்த்தால் சாம்பல் நிறச் சேற்றின் நடுவே பழுப்பு வளையம் ஒன்று கண்ணுக்கே தெரியும். இதைக் கணக்கில் கொண்டுவர, வளைகளைச் சம இடைவெளியில் நிற்கும் உருளைகளாகக் கொள்ளும் மாதிரியை ராபர்ட் ஆலர் 1980இல் வகுத்தார், இன்றும் பலர் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். இதை மறந்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: முதல் பத்து சென்டிமீட்டரில் சல்பேட் குறையவே இல்லை என்று வளைகோடு காட்டினால், அங்கே சல்பேட் ஒடுக்கம் இல்லை என்று முடிவுகட்டத் தோன்றும். உண்மையில் ஒடுக்கம் மும்முரமாக நடந்துகொண்டிருக்கலாம், செலவானதைப் புழு உடனுக்குடன் இறைத்து நிரப்பிக்கொண்டிருக்கும்.

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் விடை, விலங்குகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் உங்கள் குழாயில் யார் இருந்தார், எவ்வளவு ஆழத்தில் இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். சேற்றை அடுக்கடுக்காக வெட்டும்போது வளை தென்பட்டால், புழு தென்பட்டால், ஆழத்தோடு எழுதி வையுங்கள். பல ஆண்டுகள் கழித்து ஒரு வளைகோட்டில் உள்ள விளங்காத முறிவுக்கு அந்த ஒற்றை வரிக் குறிப்பு விடை தந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆழ்கடல் விலங்குகள் மிகச் சிறியவை. மேற்பரப்பில் ஒளிச்சேர்க்கையால் உருவாகும் உணவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான், இறந்த நுண்பாசிகளும் கழிவும் திரண்ட கடற்பனியாக ஆழத்தரைக்கு வந்து சேர்கிறது. அந்தக் குறைந்த உணவில் பெரிய உடல்கள் அரிது. அதனால் ஆழமற்ற கடலில் அரை மில்லிமீட்டர் அல்லது ஒரு மில்லிமீட்டர் கண் கொண்ட சல்லடை போதும் என்றால், இங்கே 0.3 மில்லிமீட்டர் அல்லது அதைவிட நுண்ணிய சல்லடை வேண்டும். உருளைப்புழுக்களுக்கு 0.032 மில்லிமீட்டர். 1960களில் ஹோவர்டு சாண்டர்சும் ராபர்ட் ஹெஸ்லரும் நுண்கண் வலை பொருத்திய சறுக்குவண்டியைத் தரையில் இழுத்த பிறகுதான், வெறுமையானது என்று கருதப்பட்ட ஆழ்கடல் சேற்றில் எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன என்பது தெரியவந்தது. அதற்கு முன் அவை வலைக்கண்களின் வழியே ஒழுகிப் போய்க்கொண்டிருந்தன.

சலிப்பதற்குப் பொறுமை வேண்டும். குழாயடி வேகத்தில் நீரைப் பாய்ச்சினால் எல்லாம் துண்டுதுண்டாகிவிடும். வடிகட்டிய குளிர்ந்த கடல்நீரை மெதுவாக ஊற்றி, சல்லடையை நீருக்குள்ளேயே அசைத்து, களிமண் கரைந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். கடைசியில் எஞ்சுவது ஒரு தேக்கரண்டி அளவு ஃபொராமினிஃபெரா ஓடுகளும், நூலின் அறுந்த முனைபோல் தோன்றும் சில இழைகளும்தான். உருப்பெருக்கியின் கீழே வைத்தால் அந்த இழைகளில் ஒன்றுக்கு இருபக்கமும் வரிசையாகச் சுணைகள் தெரியும், சில வேளைகளில் அது அப்போதும் அசைந்துகொண்டிருக்கும். உருவத்தை ஆராய வேண்டுமானால் ஃபார்மலின், மரபணுவை ஆராய வேண்டுமானால் நேராகக் குளிர்ந்த எத்தனால். ஃபார்மலினில் போட்டதிலிருந்து மரபணுவைப் பிறகு மீட்பது மிகக் கடினம் என்பதால் இதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும்.

இன்னொரு பிழையையும் சொல்லியாக வேண்டும், இது வேதியியலாளர்களும் உயிரியலாளர்களும் சேர்ந்தே செய்யும் பிழை. பல குழாய்களை ஒரே நேரத்தில் சேற்றில் செருகி எடுக்கும் மல்டிகோரர் என்ற கருவி ஒருமுறை இறங்கினால் எட்டு அல்லது பன்னிரண்டு குழாய்களில் சேறு வருகிறது. அந்தப் பன்னிரண்டும் பன்னிரண்டு மாதிரிகள் அல்ல. ஒரு மீட்டர் வட்டத்துக்குள் எடுத்த ஒரே மாதிரியின் பன்னிரண்டு பகுதிகள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஆழ்கடல் தரைக்குப் பொருந்தாது. இங்கே ஓரிடத்தில் கடற்பனி திரண்டு கிடக்கும், ஐந்து மீட்டர் தள்ளி ஒன்றும் இராது. மீண்டும் மீண்டும் கருவியை இறக்கித்தான் ஆக வேண்டும், எவ்வளவு நேரம் ஆனாலும்.

மேலடுக்கு எவ்வளவு அரியது என்பதற்குப் பெரு படுகையில் நடந்த டிஸ்கால் சோதனையை நினைத்துக்கொள்வேன். மாங்கனீசு முண்டுகள் (உலோகம் செறிந்த கட்டிகள்) கிடக்கும், ஏறத்தாழ 4,150 மீட்டர் ஆழமுள்ள அந்தத் தரையை 1989இல் கலப்பைபோன்ற கருவியால் உழுதார்கள். 26 ஆண்டுகள் கழித்துச் சென்று பார்த்தபோது உழுத சால்கள் அப்படியே இருந்தன, சால்களுக்குள் நுண்ணுயிர்களின் செயல்பாடு அக்கம்பக்கத்துச் சேற்றைவிடக் குறைந்தே இருந்தது. அந்த முண்டுகளும் மிக மிக மெதுவாக வளர்பவை. அங்கே சுரங்கம் அமைப்பது பற்றிப் பேசுவோர் சேற்றின் முதல் சில சென்டிமீட்டர்களைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேதிமாணவி எழுதியது

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கோடு வளையும் இடத்தைப் பார் என்பதும், வளையைக் கண்டால் எழுதி வை என்பதும் எனக்குப் புதிது. ஆனால் இதிலிருந்தே அடுத்த ஐயம் வருகிறது. சேற்றில் ஒரு நுண்ணுயிரின் மரபணு இருக்கிறது என்பதால் அது அங்கே உயிரோடு இயங்குகிறது என்று சொல்லிவிட முடியுமா? மேலும், கீழே உள்ள உயிர்கள் அழுத்தத்துக்குப் பழகியவை என்றால், கப்பலில் அளக்கும் வேகத்துக்கும் தரையில் நடக்கும் வேகத்துக்கும் எவ்வளவு தொடர்பு இருக்கும்?

மறுமொழி 3
எழுதியவர்: குளிரறை

அழுத்தத்தைப் பற்றிய உங்கள் கேள்வியை இத்துறைக்கு முதலில் வலுவாக எழுப்பியது ஒரு விபத்து. 1968 அக்டோபரில் ஆல்வின் என்ற நீர்மூழ்கி, கப்பலிலிருந்து இறக்கும்போது தொங்குவடங்கள் அறுந்து, ஏறத்தாழ 1,540 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. உள்ளே இருந்தவர்கள் தப்பிவிட்டார்கள், அவர்களுடைய மதிய உணவு உள்ளேயே கிடந்தது. பத்து மாதங்களுக்கு மேல் கழித்து நீர்மூழ்கியை மீட்டபோது ரொட்டியும் இறைச்சியும் ஆப்பிளும் நனைந்திருந்தனவே தவிரக் கெட்டுப்போகவில்லை. அதே உணவைக் கரையில் 3 பாகைக் குளிர்பெட்டியில் வைத்தபோது சில வாரங்களில் கெட்டுவிட்டது. அப்படியானால் குளிர் மட்டும் காரணம் அல்ல. ஹோல்கர் யானாஷும் அவருடைய குழுவினரும் 1971இல் இதை வெளியிட்டு, பிறகு உணவுப் பொருள்களைக் கடலடியிலேயே வைத்து எடுத்துப் பல சோதனைகள் செய்தார்கள். ஆழத்தில் சிதைவு மிக மெதுவாகவே நடந்தது.

இதிலிருந்து ஆழ்கடல் நுண்ணுயிர்கள் எல்லாமே சோம்பிக் கிடப்பவை என்று முடிவுகட்டினால் அது தவறாகிவிடும். அந்த உணவில் இருந்தவை பெரும்பாலும் மேலிருந்து போன நுண்ணுயிர்கள், அவை அழுத்தத்தில் முடங்கின. 1979இல் அரிஸ்டைட்ஸ் யயனோஸ் குழுவினர் அழுத்தத்தில்தான் நன்றாக வளரும் பாக்டீரியாவைத் தனிப்படுத்தினார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மரியானா அகழியிலிருந்து கிடைத்த ஒன்று, அழுத்தம் இல்லாமல் வளரவே மறுத்தது. எனவே கப்பலில் அளக்கும் வேகம் உண்மையைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். ஆக்சிஜனைப் பொறுத்தவரை, ஆழத்திலிருந்து எடுத்த சேற்றைத் தளத்தில் வைத்து அளந்தால் ஆக்சிஜன் ஊடுருவும் ஆழம் உண்மையைவிடக் குறைவாகத் தெரிகிறது என்பது திரும்பத் திரும்பக் கண்ட செய்தி. இதனால்தான் முக்காலிபோன்ற சட்டகத்தைத் தரையில் இறக்கி, மயிரிழையினும் மெல்லிய முனை கொண்ட நுண்மின்முனைகளை மோட்டார் மூலம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வீதம் சேற்றுக்குள் செலுத்தி, அங்கேயே அளந்துவிடுகிறோம். பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதற்குள் அடைபட்ட நீரில் ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதையும் பார்க்கிறோம். மின்முனை தரும் அளவைவிடப் பெட்டி தரும் அளவு கூடுதலாக இருந்தால், அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி சல்லடை அவர்கள் சொன்ன புழுக்களின் பங்கு.

மரபணுவைப் பற்றிய உங்கள் ஐயம் மிகவும் நியாயமானது. இறந்த செல்லின் மரபணு குளிர்ந்த சேற்றில் நெடுங்காலம் அழியாமல் கிடக்கும். அது யார் இருந்தார் அல்லது யார் வந்து விழுந்தார் என்பதை மட்டும் சொல்லும். இயக்கத்தை அறிய வேண்டுமானால் அந்தச் சேற்றில் கதிரியக்கக் கந்தகம் கொண்ட சல்பேட்டைச் சிறிதளவு செலுத்தி, கடலடி வெப்பநிலையிலேயே சில மணி நேரமோ சில நாள்களோ வைத்திருந்து, அதில் எவ்வளவு சல்ஃபைடாக மாறியது என்று எண்ணுகிறோம். கந்தகம்-35 கொண்ட இந்த முறை, வளைகோட்டால் பார்க்க முடியாத மிகக் குறைந்த வேகத்தையும் பிடித்துவிடும். தனித்தனிச் செல்களைப் பார்க்க வேண்டுமானால் கார்பன்-13, நைட்ரஜன்-15 ஏற்றிய உணவைக் கொடுத்து, எந்தச் செல் அதை உட்கொண்டது என்பதை அயனிக்கற்றை நிறமாலைமானியில் ஒவ்வொரு செல்லாகப் பார்க்கலாம்.

இந்த முறையால் கிடைத்த ஒரு முடிவை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. தென் பசிபிக் சுழலின் நடுவே மேற்பரப்பில் உயிர் வளம் மிகக் குறைவு, அதனால் உண்பதற்கு மிகச் சிறிதே இறங்குகிறது, ஆக்சிஜனைச் செலவழிக்கும் உயிர்களும் மிகக் குறைவு. கரையோரச் சேற்றில் சில மில்லிமீட்டரிலேயே தீர்ந்துவிடும் ஆக்சிஜன் அங்கே அடிப்பாறை வரை இருக்கிறது. அந்தச் சேற்றிலிருந்து, 10 கோடியே 15 இலட்சம் ஆண்டுகள் பழைமையான அடுக்கு வரை எடுத்த மாதிரிகளுக்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் உணவு கொடுத்தபோது, உள்ளே இருந்த நுண்ணுயிர்கள் அதை உட்கொண்டு பெருகின. 2020இல் அது வெளியாயிற்று. ஆகவே உங்கள் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. உயிரோடு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, இப்போது வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி, உணவு கிடைத்தால் வேலை செய்யுமா என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவீடு வேண்டும்.

மறுமொழி 4
எழுதியவர்: துளைநீர்

குளிரறை அவர்கள் எழுதியதில் ஒன்றை மட்டும் மட்டுப்படுத்த விரும்புகிறேன். கடலடியிலேயே அளப்பது சிறந்ததுதான், ஆனால் அதுவும் ஒரு புள்ளியில் எடுத்த அளவு. சட்டகம் இறங்கும்போது எழும் நீர்வேகம் மேலே கிடக்கும் கடற்பனியை ஊதித் தள்ளிவிடக் கூடும், கண்ணாடி முனை ஒரு ஓட்டில் மோதி உடைந்தும் போகும். நான் இரண்டையும் செய்யச் சொல்வேன். ஆக்சிஜனைக் கீழே அளந்துகொண்டு, சல்பேட், அமோனியா, மாங்கனீசு ஆகியவற்றை மேலே கொண்டுவந்த குழாயில் அளந்தால் போதுமானது.

வேதிமாணவி எழுதியது

எல்லாருக்கும் நன்றி. எனக்குக் கொடுக்கப்போகும் முதல் பணி, குழாய்கள் தளத்துக்கு வந்ததும் எது எந்தப் பகுப்பாய்வுக்கு என்று பிரித்துக் கொடுப்பது என்று சொல்லியிருக்கிறார்கள். எந்தக் குழாய் நல்லது, எது கெட்டது என்பதை வெறும் கண்ணால் எப்படித் தெரிந்துகொள்வது?

மறுமொழி 5
எழுதியவர்: சல்லடை

சேற்றைப் பார்ப்பதற்கு முன் அதன் மேலே நிற்கும் நீரைப் பாருங்கள். நல்ல குழாயில் அந்த நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும், அதன் அடியில் சேற்றின் முகம் கிடைமட்டமாக, பழுப்பாக, சில வேளைகளில் பஞ்சுபோன்ற பசும்பழுப்புப் படலத்தோடு இருக்கும். அந்தப் படலம் அண்மையில் விழுந்த கடற்பனி. குழாயைச் சற்றுச் சாய்த்தாலே அது எழும்பிப் போய்விடும் என்பதால், சட்டகத்திலிருந்து கழற்றி மேசைக்குக் கொண்டுபோகும்வரை செங்குத்தாகவே பிடித்திருங்கள், நேராகக் குளிரறைக்கு எடுத்துச் செல்லுங்கள். சேற்றின் முகம் சரிந்திருந்தாலோ, பக்கச் சுவரை ஒட்டி ஓடை ஓடியிருந்தாலோ, மேல்நீர் கலங்கியிருந்தாலோ அந்தக் குழாயைத் துளைநீருக்குக் கொடுக்காதீர்கள். ஆக்சிஜனுக்கும் துளைநீருக்கும் மிகத் தெளிவான குழாய்கள், அடுத்த தரத்தில் உள்ளவை உருளைப்புழுக்களுக்கும் மரபணுவுக்கும், முகம் கெட்டுப்போனாலும் ஆழ அடுக்குகள் குலையாதது கரிம அளவுக்கும் ஈயம்-210 கொண்டு வயது கணிப்பதற்கும் என்று பிரிக்கலாம். ஈயம்-210இன் அரை ஆயுள் 22 ஆண்டுகள்தான் என்பதால், அதிலும் மேல் சில சென்டிமீட்டர் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எல்லாக் குழாய்களுமே கலங்கி வந்தால் கருவியை மறுபடியும் இறக்க வேண்டியிருக்கும். வடத்தை நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் இறக்கினாலும் 4,000 மீட்டருக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். நள்ளிரவில் அனைவரும் களைத்திருக்கும்போது, இதையே வைத்துக்கொள்வோம் என்று யாரேனும் சொல்வார்கள். அந்த வேளையில் மறுபடியும் இறக்க வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு உங்களுடையது. தயங்காமல் சொல்லுங்கள்.